செவ்வாய்க்காரரின் பங்காளிகள்

தனுஷ்கோடி அண்ணாச்சி பேரம் பேசாமல் வாங்கிய பொருள் என்று எதுவும் கிடையாது. பிறந்தவுடன் இழுத்த முதல் மூச்சைக்கூட நிறுத்துப் பார்த்துத்தான் இழுத்திருப்பார் என்று விருதுநகர் பருப்புக் கடைத் தெருவில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் மதுரையில் வேர்க்கொடி நிறுவனத்தின் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, செத்துப்போன ஒரு பெரிய மனிதருக்குத் தான் என்ன முறை ஆகவேண்டும் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பெரிய மனிதர் பெயர் இளஞ்சேரன். செவ்வாய்க் கிரகத்தில் கால் வைத்த முதல் மனிதர், சாத்தூர்ப் பக்கத்துக்காரர். போய் இறங்கி, பத்திரமாகத் திரும்பி வந்து, ஊர் ஊராக மாலை வாங்கி, வயதாகிக் கட்டிலில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகுட்டி கிடையாது. அந்தக் குறையை வேர்க்கொடி தீர்த்து வைத்தது. ஒரு குப்பியில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் போதும். அவர்களுடைய கணினி அந்த எச்சிலோடு பழைய கிரயப் பத்திரம், கோயில் வரிக் கணக்கு, கப்பல் ஏறியவர் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, உங்களுக்கும் உங்களுக்குப் பிடித்த பிரபலத்துக்கும் நடுவே ஓடும் கொடியை இழுத்துக் காட்டிவிடும்.

ஆரம்பத்தில் இது விளையாட்டாக இருந்தது. நடிகைக்கு ஒன்பதாம் படிச் சொந்தம், கிரிக்கெட்காரருக்கு ஏழாம் படி என்று டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டார்கள். பிறகு அது கல்யாணப் பத்திரிகையில் ஏறியது. பிறகு பள்ளிக்கூடச் சேர்க்கையில் கேட்டார்கள், வங்கியில் கேட்டார்கள். கடைசியில், ஒரு பிரபலமும் இல்லாத குடும்பத்தைப் பார்த்தால், "என்ன, எச்சில்ல ஏதும் கோளாறா?" என்று விசாரிக்கும் நிலைக்கு நாடு முன்னேறியது.

தனுஷ்கோடிக்கு ஒரே மகள், நிறைமதி. அவளும் தூத்துக்குடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை பார்க்கும் ஆதிரனும் கல்லூரியிலேயே பேசி முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு மிச்சமிருந்தது சம்மதம் சொல்லும் வேலை மட்டும். பையனின் தாயார் ஷர்மிளா அம்மாள் அந்த வேலையை அவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிற ஆள் இல்லை.

"எங்க பக்கம் ஒரு மந்திரி இருக்கார் சம்பந்தி, ஆறாம் படி. பத்திரிகையில உங்க பக்கம் என்ன போடறது? வெறும் பருப்பு மொத்த வியாபாரம்னா பார்க்க நல்லாவா இருக்கும்?"

அதற்காகத்தான் இந்த மதுரைப் பயணம். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் சட்டையில் பிரிசில்லா என்று எழுதியிருந்தது. அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"அண்ணாச்சி, உங்களுக்கு யோகம். இளஞ்சேரன் ஐயாவுக்கு ரெண்டு வழியா வர்றீங்க. அம்மா வழியில போனா அவர் உங்களுக்கு மாமன் முறை, பதினொண்ணாம் படி. அப்பா வழியில போனா பங்காளி, பதினாலாம் படி. சான்றிதழ்ல ஒண்ணுதான் போடுவோம். எது வேணும்?"

"ரெண்டுக்கும் ஒரே விலைதானா?"

"ஒரே விலைதான்."

ஒரே விலைக்கு இரண்டு சரக்கு இருந்தால் எது கனமோ அதை எடுப்பது வியாபாரியின் கை. தனுஷ்கோடி யோசிக்கவே இல்லை.

"மாமன்ங்கிறவன் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிட்டுப் போறவன்மா. பங்காளின்னா அதே ரத்தம், அதே வம்சம். பங்காளியே போடு."

"மாமன் வழியில படி கம்மியா இருக்கே அண்ணாச்சி. நல்லா யோசிச்சுக்குங்க, ஒருதடவை பதிஞ்சா மாத்த முடியாது."

"படி கெடக்கட்டும். பத்திரிகையில எது எடுப்பா இருக்கும், நீயே சொல்லு."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றாள் பிரிசில்லா. அண்ணாச்சி அதற்குள் தள்ளுபடி பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

அவருடைய சொந்தப் பங்காளி, கூடப்பிறந்த அண்ணன் மகாலிங்கம், ராஜபாளையத்தில் பஞ்சு ஆலை வைத்திருந்தவர். ஆலையை விற்றாலும் பஞ்சு அவரை விடவில்லை, நெஞ்சுக்குள் குடியேறிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் விருதுநகர் வந்து தம்பியோடு எண்ணெய்ப் புரோட்டா தின்றால்தான் அவருக்கு வாரம் முடியும். வைத்தியர் அதை வேண்டாம் என்பார். "அவரையும் கூட்டிட்டு வரவா?" என்று மகாலிங்கம் கேட்பார். அந்த வெள்ளிக்கிழமை தம்பி நீட்டிய சான்றிதழைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருமலாக மாறி, கடைக்காரர் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

"ஒரு பித்தளை அண்டாவுக்காக எங்கூட ஒரு தீபாவளி பூரா பேசாம இருந்தவன்டா நீ. ஒத்தப் பங்காளியையே ஒன்னால சமாளிக்க முடியல. இப்ப புதுசா எத்தன பேரைச் சேர்த்திருக்க?"

"எத்தனைன்னு தெரியலண்ணே. சேர்ந்துக்கிட்டே இருப்பாங்களாம்."

"அந்த மனுசன் செவ்வாய்ல தனியா கெடந்தாரே, ஒருதடவையாச்சும் நம்மள நெனைச்சிருப்பாரா?"

"நாமளும்தான் அவரை நெனைக்கல."

"அதுவும் சரிதான். இன்னொரு புரோட்டா சொல்லு."

பத்திரிகையில் இளஞ்சேரன் பெயர் தங்க எழுத்தில் வந்தது. ஷர்மிளா அம்மாள் ஊரெல்லாம் காட்டினார். முகூர்த்தத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது தனுஷ்கோடியின் கைபேசி ஒருமுறை துடித்தது. 'தங்கள் பங்காளி, கோவை சிங்காநல்லூர் திரு. தேவசகாயராஜன் காலமானார். தீட்டுக் காலம் இந்த நிமிடம் தொடங்குகிறது.'

தனுஷ்கோடி சிரித்துவிட்டுப் பந்தல்காரனிடம் பேசப் போய்விட்டார். ஷர்மிளா அம்மாள் சிரிக்கவில்லை. கல்யாணம் பேசி முடித்ததுமே இரண்டு வீட்டுக் கொடிகளையும் வேர்க்கொடி பின்னிவிட்டிருந்ததால் அதே சேதி அவருக்கும் போயிருந்தது.

"சம்பந்தி, பங்காளி வீட்ல சாவு விழுந்திருக்கு. எப்படித் தாலி கட்றது?"

"அம்மா, அந்த ஆள் கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது."

"தெரியாம இருந்தா தப்பே இல்ல. சாவுச் சேதி காதுல விழுற வரைக்கும் தீட்டு இல்ல, அது அந்தக் காலத்துலேயே உண்டு. ஆனா விழுந்துருச்சுல்ல? எங்க அக்காவுக்கு அப்படித்தான் தெரிஞ்சே கட்டி வெச்சாங்க, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சுன்னு. எங்க அத்தான் அடுத்த பொங்கலைப் பார்க்கல."

அதைச் சொன்னபோது அந்த அம்மாளின் குரலில் வீம்பு இல்லை. நடுக்கம்தான் இருந்தது. வீம்பென்றால் தனுஷ்கோடி பேசியே கரைத்திருப்பார். பயத்தோடு பேரம் பேச அவருக்குத் தெரியாது.

கல்யாணம் தள்ளிப்போனது. அடுத்த முகூர்த்தத்துக்கு முந்தின நாள் திருவாரூரில் ஒரு பங்காளி. அதற்கடுத்ததற்கு மலேசியாவில் ஒருவர். அதன்பிறகு முகூர்த்தம் வரை காத்திருக்கும் பொறுமைகூடச் சாவுக்கு இல்லை. ஒரு தீட்டு முடிவதற்குள் அடுத்தது வந்தது. பிரிசில்லா சொன்னது அப்போதுதான் அண்ணாச்சிக்கு விளங்கியது. எல்லாரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். ஒரே விலைக்கு மாமன் எதற்கு என்று, அவரைப்போலவே கணக்குப் போட்டவர்கள் லட்சக்கணக்கில் அந்த ஒரே கொடியில் வந்து தொங்கினார்கள். ஒரு பெரிய நகரத்தின் ஜனத்தொகை அத்தனையும் ஒருவருக்கொருவர் பங்காளி. அத்தனை ஜனம் உள்ள இடத்தில் யாரும் சாகாத நாள் எங்கே இருக்கிறது?

முன்பெல்லாம் தூரத்துச் சாவு தபாலில் நிதானமாக வந்து சேரும். வருவதற்குள் பிள்ளை பெற்றுப் பெயரே வைத்திருப்பார்கள். அந்தத் தாமதத்தில்தான் எத்தனையோ கல்யாணங்கள் பிழைத்தன. இப்போது உயிர் பிரிந்த சூடு ஆறுவதற்குள் எல்லார் பைக்குள்ளும் துடித்தது. தீட்டில் நடக்கும் கல்யாணத்துக்குக் காப்பீடு கிடையாது என்று காப்பீட்டுக்காரர்கள் சொன்னார்கள். காப்பீடு இல்லாவிட்டால் மண்டபம் கிடையாது என்று மண்டபக்காரர்கள் சொன்னார்கள். மாமன் முறைக்கு இந்தத் தீட்டு இல்லை என்பதால், அந்த வழியைப் பிடித்த புத்திசாலிகள் மட்டும் ஜோராகக் கல்யாணம் செய்துகொண்டு, போகிற வழியில் பங்காளி வீட்டு வாசலில் ஒரு வெடியும் போட்டுவிட்டுப் போனார்கள்.

"பேசாம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிச்சிரலாம்ப்பா" என்றாள் நிறைமதி.

"ஆதிரன் என்ன சொல்றான்?"

அவள் சுவரைப் பார்த்தாள். "அவங்க அம்மா சாப்பிடாம படுத்துக்கிறாங்களாம். கொஞ்சம் பொறுக்கச் சொல்றான்."

எத்தனை முறை பொறுப்பது என்று அவள் கேட்கவில்லை. முகூர்த்தப் புடவையை மடித்து அலமாரியின் மேல்தட்டில், கை எட்டாத இடத்தில் வைத்தாள். பிறகு பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. தனுஷ்கோடியின் மனைவி முத்துச்செல்வி ஒருநாள் அடுப்படியிலிருந்தே கத்தினாள்.

"கோவில்பட்டியில பொண்ணு பார்க்கிறாங்களாம் அவனுக்கு. மாமன் வழிப் பொண்ணாம், தீட்டே வராதாம். எடுப்பா இருக்கும் எடுப்பா இருக்கும்னு வாங்கிட்டு வந்தீங்களே, போய் அந்தச் செவ்வாய்க்காரரையே மாப்பிள்ளையா எடுத்துட்டு வாங்க!"

அவர் மறுபடியும் மதுரைக்குப் போனார்.

"மாமன் வழிக்கே மாத்திக் குடும்மா. நஷ்டம் வந்தாலும் பரவாயில்ல." இந்த வாக்கியம் தன் வாயிலிருந்து வருமென்று அவரே எதிர்பார்த்திருக்கமாட்டார்.

"முடியாது அண்ணாச்சி. கொடியில ஒரு ஆளை உருவினா அவருக்குக் கீழ இருக்கிற எல்லாரும் அறுந்துருவாங்க. ஆனா ஒண்ணு புதுசா வந்திருக்கு." பிரிசில்லா குரலைத் தாழ்த்தினாள். "செவியடைப்பு. கல்யாணத்துக்கு முன்னால ஆரம்பிச்சு, மறுவீடு முடியிற வரைக்கும் உங்க ரெண்டு குடும்பத்துக்கும், வர்ற விருந்தாளிங்களுக்கும் ஒரு சாவுச் சேதியும் வராது. எழுத்தா வந்தாலும் சரி, பேச்சா வந்தாலும் சரி, யாராவது அழுதுக்கிட்டே கூப்பிட்டாலும் சரி, நடுவுலயே நிறுத்திடும். மரியாதையா ஒரு பதிலும் அதுவே போட்டுரும். காதுல விழலைன்னா தீட்டு இல்ல. சாஸ்திரத்துக்கும் சரி, காப்பீட்டுக்கும் சரி."

தனுஷ்கோடி அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார். தன் தொழிலில் தன்னைவிடப் பெரிய கையைச் சந்தித்தவர் பார்க்கிற பார்வை அது.

"கூட்டத்தையும் நீங்களே வித்தீங்க. இப்ப அமைதியையும் நீங்களே விக்கிறீங்க. இப்படி ஒரு யாவாரம் எங்க தெருவுல ஒருத்தனுக்கும் தோணலையேம்மா."

"நான் சம்பளக்காரி, அண்ணாச்சி."

"சரி, போடு."

"ஒரு விஷயம். ரொம்ப நெருங்கின சொந்தம் யாரையாவது விலக்கி வைக்கணும்னா வைக்கலாம். அவங்க சேதி மட்டும் உங்களுக்கு வரும். ஆனா சான்றிதழ்ல பகுதி அடைப்புன்னு விழும்."

மகாலிங்கம் அப்போது ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையில், மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். தனுஷ்கோடி எழுந்து வெளியே போய் ஷர்மிளா அம்மாளைக் கூப்பிட்டார். பகுதி அடைப்பு என்றால் போதுமா என்று, யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டார்.

"பகுதின்னா எப்படி சம்பந்தி? குடத்துல பகுதி ஓட்டைன்னா தண்ணி நிக்குமா? முழுசா இருந்தா இந்தப் புதன்கிழமையே வெச்சுக்கலாம். இல்லைன்னா... கோவில்பட்டிக்காரங்களும் பதில் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நானும் எத்தனை நாள்தான் சாக்குச் சொல்றது?"

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். மேஜையில் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

"முழுசாவே போட்டுரு."

வீட்டுக்குத் திரும்பாமல் நேரே ராஜபாளையத்துக்குப் போய் அண்ணனைப் பார்த்தார். மதினி பொன்னுத்தாய் கட்டிலருகே உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள், சாப்பிட ஆளில்லாமல்.

"புதன்கிழமையா?" என்றார் மகாலிங்கம். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சைத் தனியாகச் சம்பாதிக்கவேண்டியிருந்தது. "நல்லதாப் போச்சு. அந்தச் செவ்வாய்ப் பயலுக ஒருத்தனும் சாகமாட்டானா அன்னைக்கி?"

"ஏற்பாடு பண்ணியிருக்கேண்ணே."

"நீ எமன்கிட்டயே வெலை பேசியிருப்ப." சிரிக்கப் பார்த்தார்; முடியவில்லை. "டேய், எனக்குப் புள்ள இல்ல. நீதான் கொள்ளி வைக்கணும். அதுக்கும் தள்ளுபடி கேட்டுக்கிட்டு நிக்காத."

"எதுக்குண்ணே இப்ப அந்தப் பேச்சு. கல்யாணத்த முடிச்சிட்டு ஓடியாந்துர்றேன்."

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. விலக்கு கேட்காமல் வந்துவிட்டேன், உன் பெயரையும் சேர்த்துத்தான் அடைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடலாம். மதினி ஒரு சுளையை நீட்டினாள். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டார்.

புதன்கிழமைக் கல்யாணம், உள்ளபடி சொன்னால், நன்றாகவே நடந்தது. பல மாதமாகத் துடித்துக்கொண்டே இருந்த கைபேசிகள் எல்லாம் செத்த எலிபோலக் கிடந்தன. ஜனங்கள் முதலில் அடிக்கொருதரம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு மறந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஷர்மிளா அம்மாள் நாதஸ்வரக்காரரிடம் தனக்குப் பிடித்த பாட்டைக் கேட்டு வாங்கினார். தாலி ஏறியது. நிறைமதி நிமிர்ந்து பார்த்த பார்வைக்காக தன் கடையைக்கூட விற்றுக் கொடுத்திருப்பார் தனுஷ்கோடி.

"பெரியப்பாகிட்ட பேசினீங்களாப்பா?" என்று மாலையோடு வந்து கேட்டாள்.

"பேசினேன். நல்லாருக்கார். உன்னை ஆசீர்வாதம் பண்ணினார்."

அவர் பேசவில்லை. காலையில் கூப்பிட்டிருந்தார். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மதினியின் எண்ணும் அப்படியே. குளிக்கப் போயிருப்பார்கள், மருந்து வாங்கப் போயிருப்பார்கள். எதிராளி விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று படித்துப் படித்தே வயதானவர் அவர். அன்றைக்கு அந்த மௌனத்தை மட்டும் படிக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிடவும் இல்லை.

மறுவீடு முடிந்து பெண்ணையும் மாப்பிள்ளையையும் தூத்துக்குடிக்கு வழியனுப்பிவிட்டு, அவரும் முத்துச்செல்வியும் லட்டுப் பெட்டியோடு ராஜபாளையத்துக்குக் கார் ஏறினார்கள். கார் தானே ஓடியது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது அடைப்பு முடிந்தது.

கைபேசி துடித்தது. துடிப்பு நிற்கவில்லை. தேங்கியிருந்த சாவுகள் எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. தங்கள் பங்காளி ஈரோடு திரு. இன்னார். தங்கள் பங்காளி சிங்கப்பூர் திரு. இன்னார். தங்கள் பங்காளி, தங்கள் பங்காளி. தனுஷ்கோடி பெருவிரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தார், சொத்தைப் பருப்பைத் தள்ளுவதுபோல.

"யாராச்சும் தெரிஞ்சவங்களா?" என்றாள் முத்துச்செல்வி.

"நமக்கு யாரு தெரிஞ்சவங்க இதுல" என்று சொல்லி, எல்லாவற்றையும் மொத்தமாக அழித்துவிட்டுக் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார்.

மருத்துவமனையில் கட்டில் காலியாக இருந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்றார் அங்கே துடைத்துக்கொண்டிருந்த பெண். "அப்ப தேவலையாயிருச்சு" என்றார் தனுஷ்கோடி சத்தமாக. முத்துச்செல்வி அவர் முகத்தைப் பார்த்தாள்.

அண்ணன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில் ஜமுக்காளம் விரித்து நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு விளக்கு. மதினியின் நெற்றி வெறுமையாக இருந்தது. முத்துச்செல்வி வாசலிலேயே அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தனுஷ்கோடி லட்டுப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"வாங்க தம்பி" என்றாள் பொன்னுத்தாய். "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"மதினி... எனக்கு... எனக்குத் தெரியாது மதினி..."

"நீங்கதான் பதில் போட்டீங்களே தம்பி." அவள் குரலில் கோபமில்லை. அழுது தீர்ந்த குரல். "செவ்வாக்கெழம ராத்திரி மூச்சு திணறுனப்பக் கூப்பிட்டேன். போனப்புறம் கூப்பிட்டேன். தூக்கறதுக்கு முன்னாடி, மொகத்தையாச்சும் பார்த்துக்கட்டும்னு கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒடனே பதில் வந்துச்சு."

கைபேசியை நீட்டினாள். ஒன்றன்கீழ் ஒன்றாக, அவருடைய பெயரில், ஒரே வாசகம். 'தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன். தவிர்க்க முடியாத சுபகாரியத்தால் நேரில் வர இயலவில்லை. காரியங்கள் குறைவின்றி நடக்க, தங்களுக்கு அருகில் உள்ள பங்காளி ஒருவர் அனுப்பிவைக்கப்படுகிறார்.'

"சொன்னபடி வந்துருச்சு அந்தத் தம்பி. தென்காசியாம். நல்ல புள்ள. மொட்டை போட்டு, கொள்ளி வெச்சு, பால் தெளிக்கிறது வரைக்கும் கூடவே இருந்துச்சு. ஒரு குறை சொல்ல முடியாது."

பின்கட்டிலிருந்து ஒரு வாலிபன் ஈர வேட்டியோடு வந்தான். புதிதாய் மழித்த தலை, கலங்கிச் சிவந்த கண்கள். உண்மையாகவே அழுதிருந்தான். பெரியவர் ஒருவர் நிற்பதைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துவிட்டு, சுவரோரம் இருந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்கய்யா. ரொம்பத் தூரத்துலேருந்து வர்றீங்களோ?" என்றான் மரியாதையாக. "எங்க பெரியப்பாவுக்கு நீங்க என்ன முறை வேணும்?"

தனுஷ்கோடி மதினியைத் திரும்பிப் பார்த்தார். அவளும் அந்தப் பதிலுக்காகத்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.